கொரோனாவிலிருந்து தேறியவர்கள் கடற்கரைக்கு நடக்கப் போகலாமா? வீட்டில் "இப்ப என்ன அவசரம்" என்று திட்டுகிறார்கள்.

திட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பெண் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆணாக இருந்தால் "காலாற நடந்துட்டு வாங்க" என்று அவர்களே அனுப்பியிருப்பார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னூட்டத்தில் வகுப்பெடுக்க வந்துவிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. தனிமைக் காலம் முடிந்து, காய்ச்சல் விட்டு, எங்கள் டாக்டர் "மெதுவா நடக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் வெளியே போனேன். முகக்கவசமும் போட்டிருந்தேன். போதுமா?

2021, இரண்டாம் அலை. மே மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. வீட்டுக்காரரும் மாமியாரும் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இருமல் இழுத்துக்கொண்டே போனது. காபித்தூள் டப்பாவைத் திறந்தால் ரப்பர் கருகின வாடை வரும். அப்படியிருந்தும் காய்ச்சல் விட்டவுடன் சமையல்கட்டு என் கைக்குத் திரும்பிவிட்டது. யாரும் செய்யச் சொல்லவில்லை என்பார்கள். சொல்லவில்லைதான். பாத்திரம் தானாகவா கழுவிக்கொள்ளும்?

ஜூன் 28 முதல் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் கடற்கரையில் நடக்கலாம், காலை 5 மணி முதல் 9 மணி வரை மட்டும் என்று அறிவிப்பு வந்தது. இந்த நேரத்தைக் குறித்தவர் ஒரு நாளாவது வீட்டில் இட்லி ஊற்றியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். டிபன், பையனின் ஆன்லைன் வகுப்பு, மாமியாருக்குக் கஷாயம், எல்லாம் அந்த நாலு மணி நேரத்துக்குள்தானே வருகிறது. முந்தின ராத்திரியே "நாளைக்கு எனக்கு லீவு, பிரெட் வாங்கி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, விடிவதற்குள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் போய்விட்டேன்.

பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சுண்டல் வண்டி இல்லை, பஜ்ஜிக் கடை இல்லை. 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் இருக்கிறதே, அதுவரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. மணலில் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்து ஊரூர் குப்பம் பக்கம் ஊர்ந்துகொண்டே போனேன். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருந்தது. அது விசைப்படகுகளுக்குத்தான், இந்த ஃபைபர் படகுகளுக்கு இல்லை என்று மீன் விற்ற அக்காதான் சொன்னார். கொரோனா வந்து போனதை நானே அவரிடம் சொல்லி, "வாசனை தெரியலைக்கா, நல்ல மீனான்னு எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டேன். அவர் ஒரு அடிகூடத் தள்ளி நிற்கவில்லை. ஒரு சங்கராவை எடுத்து, செவுளைத் திறந்து, "செவப்பா இருக்கா பாரு, மூக்கு எதுக்கும்மா?" என்றார். அரைக் கிலோ வாங்கினேன். அன்று மீன் ஆய்ந்தது வீட்டுக்காரர். நம்பாவிட்டால் போங்கள்.

சரி, உங்கள் கேள்வி. போகலாம், ஆனால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு பார்த்துவிட்டு, ஹாலில் 6 நிமிடம் நிற்காமல் நடந்து, மறுபடி விரலில் மாட்டுங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலாக இருக்கட்டும். 94-க்குக் கீழே போனாலோ, முன்பு இருந்ததைவிட 3 புள்ளிக்கு மேல் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ கடலை மறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வேகநடை, ஓட்டம் எதுவும் வேண்டாம். நடந்ததைவிட நான் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அதை நடைப்பயிற்சி என்று எழுதினால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு காலை நேரத்தில் நான் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்று. குப்பத்து அக்காவுக்கு இல்லாத பயம் எங்கள் அடுக்குமாடிக்காரர்களுக்கு இருந்தது. நாங்கள் தேறிய பிறகும் லிஃப்டில் ஏறாதீர்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மூச்சு வாங்குகிறவளுக்கு மூன்று மாடி. அப்படிப் போட்டவரே தினமும் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் அரட்டை அடிப்பார். குப்பை எடுக்க வருகிறவரையும் எங்கள் தளத்துக்கு ஏறவிடவில்லை. அதைப் பற்றித் தனியாக யாராவது கேள்வி கேளுங்கள், எழுத நிறைய இருக்கிறது.