எட்டுப் பவுனும் நான்கு நாள் பந்தயமும்

கேள்வி: எனக்கு வயது 29. மண்டபத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகள் கார்ட் என்ற சிறு பந்தய வண்டி ஓட்டிப் பழகிவிட்டு, இந்த ஆண்டு முதல்முறையாகக் கார் பந்தய சாம்பியன்ஷிப்பில் புதுமுகப் பிரிவில் ஓட்டுகிறேன். கார் சொந்தமல்ல, எல்ஜிபி ஃபார்முலா 1300 என்ற பந்தயக் காரை ஓர் அணியிடம் வாடகைக்கு எடுக்கிறேன். புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடத்தில் இருக்கிறேன். கடைசிச் சுற்று நவம்பர் நடுவில், கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. கார், மெக்கானிக், டயர், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு நாளுக்கு அணி கேட்பது 1,80,000 ரூபாய். முன்கூட்டி ஒரு தனிப் பயிற்சி நாள் வேண்டுமென்றால் 45,000. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் 20,000 ஆகும். கையிருப்பு 1,10,000. படகுக்காரர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 2,40,000. வீட்டுச் செலவு மாதம் 28,000. பட்டறை வாடகையும் உதவியாளர் சம்பளமும் 24,000. மனைவியின் எட்டுப் பவுனை வங்கியில் வைத்து 2,50,000 எடுக்க நினைக்கிறேன். நாராயண் கார்த்திகேயனும் நம் ஊர்ப்பக்கத்திலிருந்துதான் போனார். இதை எதிர்காலத்துக்கான முதலீடாகப் பார்க்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. மகளுக்கு இரண்டு வயது. விடியற்காலையில் தனுஷ்கோடி சாலையில் ஓட்டிப் பயிற்சி எடுத்துவருகிறேன். நகையை வைக்கலாமா?
— வாசகர், மண்டபம்

பதில்: தம்பி, கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. ஆனால் இதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. கார் மோதினால் அந்தச் செலவு யாருடையது?

உங்களுடையதாகத்தான் இருக்கும். வாடகைக் கார் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் சேதம் ஓட்டுநர் தலையில்தான் விழும். பின்னால் வந்தவன் இடித்தாலும் உங்கள் காரின் செலவு உங்களுக்கு, அவன் காரின் செலவு அவனுக்கு. பந்தயத்தடத்தில் இடித்தவரிடம் நஷ்டஈடு கேட்கிற வழக்கமே இல்லை. நீங்கள் ஓட்டுவது சக்கரங்கள் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபார்முலா வகைக் கார். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் போதும், சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை வளைந்துவிடும். ஆறாம் இடத்திலிருந்து முதல் மூன்றுக்குள் வந்து மேடையேறத் துடிக்கிறவர்கள் நிறைந்த கடைசிச் சுற்றில் இது எவ்வளவு சகஜம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். நகையை வைத்து 2,50,000 எடுக்கிறீர்கள். 2,45,000 போட்டிக்கே போய்விடுகிறது. மூன்றாம் நாள் கார் தடுப்புச் சுவரில் மோதினால், அந்த நேரத்தில் வைப்பதற்கு நகையும் இல்லை, எடுப்பதற்குப் பணமும் இல்லை. தெரிந்த செலவுக்கு நகையைக் கொடுத்துவிட்டுத் தெரியாத செலவைக் கடவுளிடம் விட்டிருக்கிறீர்கள். இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் ஆலோசனை. தெரிந்த செலவு ரொக்கத்தில் நடக்கட்டும். நகை வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். சேதம் வந்தால் மட்டும் அதைத் தொடலாம். பெட்டியில் இருக்கிற நகைக்கு வட்டி ஓடாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சேதத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று அணியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். 'எவ்வளவு ஆனாலும் ஓட்டுநர் பொறுப்பு' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் என்னால் பொறுப்பேற்க முடியாது என்று பேசிப் பாருங்கள். கடைசிச் சுற்றில் கார் காலியாக நிற்பதை எந்த அணியும் விரும்பாது. பத்து வாரம் முன்பே பேசினால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கும். கடைசி வாரத்தில் பேசினால் இருக்காது.

வங்கி எவ்வளவு தரும் என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட விதிகளின்படி 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். தாராளமாகத்தான் இருக்கிறது. ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டுகிற வகையில், பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 2,50,000 எடுத்தவர் 2,75,000 எடுத்துவைக்க வேண்டும். உங்கள் தொழிலில் அது எந்த மாதத்தில் வரும்?

இங்கேதான் நீங்கள் கோவைக்காரரையோ சென்னைக்காரரையோ பார்த்துத் திட்டம் போடக் கூடாது. மாதச் சம்பளக்காரருக்கு நவம்பரும் ஒன்று, ஜூலையும் ஒன்று. உங்களுக்கு அப்படியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடல் தொழிலுக்கு ஓய்வு, உங்கள் பட்டறைக்குத் திருவிழா. படகுகளெல்லாம் கரையேறி நிற்க, இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். வேலை அப்போது நடக்கும், பணம் அப்போது வராது. படகு கடலுக்குப் போய், மீன் ஏலம் போய், டீசல் பாக்கியும் ஐஸ் பாக்கியும் கழிந்த பிறகுதான் மெக்கானிக்கின் முறை வரும். அந்த 2,40,000 இப்படி நின்றுபோனதுதானே? பிறகு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று எடுத்து, பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகுகள் நாள்கணக்கில் நங்கூரத்தில் கிடக்கும். அப்போது பாக்கி கேட்டுப் போனால் தேநீர் கிடைக்கும், பணம் கிடைக்காது. உங்கள் போட்டியோ நவம்பரில். வரவு மிக மெலிந்த மாதத்தில் மிகப் பெரிய செலவு.

ஆகவே பாக்கியை வசூலிக்க உங்களுக்கு இருக்கும் காலம் பத்து வாரமல்ல. மழைக்கு முன்னால் இருக்கும் நான்கைந்து வாரம்தான்.

கையிருப்பு 1,10,000 என்கிறீர்கள். வீடும் பட்டறையும் சேர்ந்து மாதம் 52,000. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்கு மட்டும் 1,04,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 6,000. பந்தயத்துக்கு உங்களிடம் இருக்கும் சேமிப்பு அவ்வளவுதான். படித்ததும் கோபம் வரும், வரட்டும். பாக்கியில் 1,50,000 வரை வசூலாகக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதமே கொடுப்பவருக்கு ஐந்து சதவீதம் தள்ளுபடி என்று சொல்லுங்கள். 7,500 போய் 1,42,500 கைக்கு வரும். உள்ளூர் விளம்பரம் மூலம் 40,000 திரட்ட முடிந்தால், மிஞ்சிய 6,000ஐயும் சேர்த்து மொத்தம் 1,88,500. தனிப் பயிற்சி நாளை விட்டுவிட்டால் தேவை 2,00,000. பற்றாக்குறை 11,500, இதைப் பத்து வாரத்தில் பட்டறை வருமானத்திலிருந்தே ஒதுக்கலாம்.

பயிற்சி நாளை விடுவது வலிக்கும். நான்கு நாளில் பயிற்சி ஓட்டமும் அடங்கியிருக்கிறது என்பதால் சொல்கிறேன். வசூல் எதிர்பார்த்ததற்கு மேல் போனால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கழுத்துக்கும் தோளுக்கும் உடற்பயிற்சி செய்யுங்கள்; அதற்குச் செலவு கிடையாது.

தனுஷ்கோடி சாலையை இன்றோடு விட்டுவிடுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை நேர்க்கோடாகக் கிடக்கும் அந்தச் சாலை உங்களை எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே வளைவு ஏது, பிரேக் போடும் புள்ளி ஏது? செட்டிபாளையத்துக்கு உதவுகிற எதையும் அங்கே கற்க முடியாது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. விடியற்காலையில் அங்கே வலை இழுக்க நடந்துபோகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து காப்பீடு. இதில்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை.

நீங்கள் வழக்கமாக ஓட்டும் காரின் காப்பீடு பந்தயத்துக்குச் செல்லாது என்பது தெரிந்திருக்கும். மருத்துவக் காப்பீடு வேறு மாதிரி. பெரும்பாலான பாலிசிகளில் ஒரே மாதிரியான விலக்கு வாசகம் ஒன்று இருக்கிறது: ஆபத்தான சாகச விளையாட்டுகளில் 'தொழில்முறையாளராக' ஈடுபட்டு அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடையாது. அந்தப் பட்டியலில் மோட்டார் பந்தயம் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆழ்கடல் முக்குளிப்பும் அதே பட்டியலில்தான். கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்துப் பிழைப்பவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்களோ. உங்களுக்கு அந்த ஒற்றைச் சொல் முக்கியம். நீங்கள் பட்டறைக்காரர், பந்தயம் உங்கள் தொழிலல்ல. எனவே உரிமை கோர உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் விளம்பரப் பணம் வாங்கி ஓட்டுகிறவர் தொழில்முறையாளரா என்று நிறுவனம் கேள்வி எழுப்பலாம். நான் மேலே சொன்ன 40,000 இந்த இடத்தில் வந்து இடிக்கிறது பாருங்கள். ஆகவே பணம் வாங்குவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'பொழுதுபோக்காகப் போட்டியில் ஓட்டுகிறேன், உள்ளூர்க் கடைகள் சிறு தொகை தருகின்றன, காப்பு உண்டா?' பதில் எழுத்தில் வரட்டும். முகவர் வாயால் சொல்வது மருத்துவமனையில் செல்லாது. 'இல்லை' என்று பதில் வந்தால் விளம்பரப் பணத்தை மறந்துவிடுங்கள்; அது இல்லாமல் கணக்கு நேராகாவிட்டால் இந்த ஆண்டு கோவைக்குப் போக வேண்டாம்.

தனிநபர் விபத்துக் காப்பீடுகள் இன்னும் கடுமையானவை. பந்தயத்தை ஒட்டுமொத்தமாக விலக்குகிறவை அதிகம். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி உரிமத்தோடு ஏதேனும் விபத்துக் காப்பு சேர்ந்து வருகிறதா, எவ்வளவுக்கு என்று கூட்டமைப்பிடமே கேளுங்கள்.

ஆயுள் காப்பீடு இருக்கிறதா? இல்லையென்றால் மகளின் பொருட்டு டேர்ம் காப்பீடு, அதாவது நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தருவது, எடுங்கள். விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்று கேட்கும் இடத்தில் கார் பந்தயம் என்று எழுதுங்கள். பிரீமியம் கூடலாம். எழுதாமல் விட்டால், காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் தவறான தகவலைக் காட்டி நிறுவனம் பாலிசியையே கேள்வி கேட்கலாம். அப்போது அதற்குப் பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள், உங்கள் மனைவிதான் இருப்பார்.

'முதலீடு' என்ற சொல்லைப் பற்றி. நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர், பெருமைதான். அவருடைய தந்தையே ராலி ஓட்டியவர். பதினைந்து வயதில் பிரான்சில் ஒரு பந்தயப் பள்ளியில் சேர்ந்தவர் அவர். உங்களுக்கு 29. இந்தச் சுற்றில் மேடையேறினாலும் உங்கள் பட்டறை வருமானம் ஒரு ரூபாய் கூடாது. அதனால் போகக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்குக் காளை வளர்ப்பவர் யாரும் அதை முதலீடு என்று சொல்லமாட்டார், ஆசை என்பார். ஆசை என்று ஒப்புக்கொண்டால் அதற்கு ஓர் எல்லை வைக்கத் தோன்றும். முதலீடு என்று சொன்னால் போட்டதை எடுக்க இன்னும் போடத் தோன்றும்.

விளம்பரம் பற்றிச் சுருக்கமாக. பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். ஐஸ் பிளாண்ட், இன்ஜின் உதிரிபாகக் கடை, ஆயில் விற்பவர் என்று உங்களை ஏற்கனவே தெரிந்தவர்களிடம் ஐயாயிரம், பத்தாயிரம் கேளுங்கள். கார் அணியுடையது என்பதால் அதில் ஒட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம்; உங்கள் பந்தய உடையிலும் ஹெல்மெட்டிலும் ஒட்டலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வங்கி வழியாக வரட்டும், வருமானத்தில் காட்டுங்கள். உத்தேச வருமான முறையில், அதாவது வரவில் ஒரு பங்கையே வருமானமாகக் காட்டும் முறையில், கணக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் பந்தயச் செலவைப் பட்டறைச் செலவாகக் கழிக்க முடியாது. அப்படிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மனைவியிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பவுன் அவருடையது, உங்கள் கையிருப்பு அல்ல. இந்தப் பதிலில் நான் போட்ட கணக்கு முழுவதும், சேதம் வந்தால் ஒரு லட்சம் வரை நகையை வைக்க அவர் சம்மதிப்பார் என்பதன்மேல் நிற்கிறது. அவர் மாட்டேன் என்றால் அந்த ஒரு லட்சமும் ரொக்கமாகவே சேர வேண்டும், அது இந்த ஆண்டு சேராது. அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது 1,80,000 என்ற தொகையை அல்ல, சேத உச்சவரம்பை. அணியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அதற்கு முன் பாக்கி நோட்டு. விசைப்படகுகள் சனிக்கிழமை போய் ஞாயிறு காலை திரும்புகிற வாரத்தில், ஏலம் முடிந்து கணக்குப் பார்க்கும் நேரத்துக்கு இறங்குதளத்தில் இருங்கள். அதிகப் பாக்கிக்காரரிடமிருந்து தொடங்குங்கள். தள்ளுபடியை அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அக்டோபர் 15க்குள் 1,42,500 வந்து சேரவில்லையென்றால் அன்றைக்கே அணிக்குத் தொலைபேசியில் சொல்லி இடத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள். முன்பணம் எதையும் அந்தத் தேதிக்கு முன்னால் கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.