மேனேஜர் மெயிலில் ‘பிக் அப் த ஸ்லாக்’: எப்படி எழுதுவது?

குமாரின் வேலையையும் சேர்த்துச் செய்ததை மேனேஜருக்குச் சொல்ல நீங்கள் மெயிலில் எழுதிய “ஐ பிக்ட் அப் த ஸ்லாக்ஸ் ஆஃப் குமார்” தவறு. “ஐ பிக்ட் அப் த ஸ்லாக் ஃபார் குமார்” என்று மாற்றுங்கள். இந்தத் தொடரில் ‘ஸ்லாக்’ ஒருமையில்தான் வரும். ‘ஸ்லாக்ஸ்’ என்றால் கால்சட்டை. குமாரின் பேண்ட்டைப் பொறுக்கி எடுத்ததாக ஆகிவிடும்!

‘குமாருடைய வேலை’ என்று தமிழில் யோசித்ததால்தான் ‘ஆஃப்’ வந்திருக்கும். ‘ஸ்லாக்’ என்பது கயிற்றில் தொய்ந்து கிடக்கும் பகுதி. அதை இழுத்துப் பிடிப்பது போல, ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் சேர்த்துச் செய்வதுதான் இந்தத் தொடரின் பொருள். ‘டேக் அப் த ஸ்லாக்’ என்றாலும் அதேதான்.

அனுப்புவதற்கு முன் ஒன்று பாருங்கள். குமார் லீவில் இருந்தாரா, இல்லை வேலையை அரைகுறையாக விட்டாரா? லீவு என்றால் “ஐ கவர்ட் ஃபார் குமார் வைல் ஹி வாஸ் ஆன் லீவ்” போதும். ‘ஸ்லாக்’ என்றாலே அவர் பங்கில் குறை இருந்த மாதிரி ஒலிக்கும். சிசியில் அவரும் இருந்தால் போட்டுக்கொடுத்த கதைதான்.

அதற்காக ‘ஆன் லீவ்’ பகுதியை வெட்டிவிடாதீர்கள். வெறும் ‘கவர்ட் ஃபார் குமார்’ என்பதற்கு, அவர் செய்த தப்பை மறைத்தேன் என்ற பொருளும் உண்டு.