ஆம்ப்ளிஃபையர் போட்டால் ஃபெங்யுன் வருமா?

திருச்சி கல்லூரி மாணவர் ஒருவர் கேட்கிறார்: "வானிலைச் செயற்கைக்கோள் எல்லாம் பிடிக்கும் என்று சொல்லி ஆன்டெனாவும் எஸ்டிஆர் டாங்கிளும் (கணினியில் செருகும் ரேடியோ) விற்றார்கள். சீனாவின் ஃபெங்யுன்-4 படம் எடுக்க இரண்டு மாதமாக முயல்கிறேன், வெறும் இரைச்சல்தான். ஆம்ப்ளிஃபையர் போட்டால் வருமா?"

வராது. கடைக்காரர் அடுத்து அதைத்தான் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்.

ஆன்டெனாக் கம்பியை அளந்து பாருங்கள், சுமார் 53 செ.மீ. இருக்கும். 137 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டியது அது. அங்கே ஒலிபரப்பிய அமெரிக்க நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் 2025 ஆகஸ்டோடு ஓய்ந்துவிட்டன; கிட் மட்டும் இன்னும் விற்கிறது! ஃபெங்யுன் எதுவும் அந்தப் பக்கமே இல்லை. 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் கோளைக் கேட்க 1,700 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் டிஷ்ஷும் எல்என்ஏயும் (அந்த அலைவரிசைக்கென்றே உள்ள, இரைச்சல் சேர்க்காத ஆம்ப்ளிஃபையர்) வேண்டும்.

சரி, வாங்கினால் ஃபெங்யுன்-4 வருமா? 2016-இல் ஏறிய 4ஏ, 14 அலைவரிசைகளில் 15 நிமிடத்துக்கு ஒரு முழு பூமி வட்டப் படம் எடுக்கக் கட்டிய அருமையான கோள். ஆனால் அதன் நேரடி ஒலிபரப்பு சங்கேதமாக்கிப் பூட்டியது. 'பூட்டைத் திறந்து தருகிறேன்' என்று காசு கேட்பவர் பெரும்பாலும் இணையத்தில் சும்மா கிடைக்கும் படத்தில் தன் லோகோவை ஒட்டித் தருபவர்தான். மூலத் தரவுக்குப் பதிவு, படிவம், 'பயன்பாட்டு நோக்கம்'. நம் இன்சாட் தரவுக்கும் கணக்குத் திறந்தாக வேண்டும். மேகம் பார்க்க எதற்கு ஐயா நோக்கம்?

பூட்டில்லாதது முந்தைய தலைமுறை. 2018 ஜூனில் ஏறிய ஃபெங்யுன்-2எச், 79 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே, உங்களுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே. பம்பரம் போல நிமிடத்துக்கு 100 சுற்று. சுற்றுக்கு ஒரு கீற்றாகப் படம் எடுக்கும். பூமி கண்ணில் படுவது ஒரு சுற்றில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான். அந்தத் தரவைத் தரைநிலையம் வாங்கி, மிச்ச நேரத்துக்கும் இழுத்து நீட்டி, அதே கோள் வழியாக 1687.5 மெகாஹெர்ட்ஸில் திருப்பி விடுகிறது. இப்படி நிதானமாக வருவதால்தான் ஒரு மீட்டர் டிஷ்ஷுக்கும் அகப்படுகிறது.

ஒன்று, திருச்சியில் அது 77 டிகிரி உயரத்தில் இருக்கும். டிஷ் கிட்டத்தட்ட மல்லாந்து கிடக்கும். தகட்டு டிஷ் என்றால் ஐப்பசி மழையில் அண்டா மாதிரி நிரம்பிவிடும். கம்பிவலை டிஷ்ஷே வாங்குங்கள். கோளுக்கும் வயதாகிவிட்டது. அது இன்னும் ஒலிபரப்புகிறதா என்று பிடிப்பவர் யாரிடமாவது விசாரித்த பிறகு காசை எடுங்கள்.

டாங்கிளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அது 1,700 வரை தாராளமாகக் கேட்கும்.