பின்னணியில் ஒரு பனியன்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் பறவைக் குறிப்புகளை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று கரூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். போன வருடம் கோடையில் நியூஜெர்சியில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கினோம். அவள் கொல்லையில் ஒரு கம்பம் நட்டு, சூரியகாந்தி விதை நிரப்பிய குழாய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். காலையில் காபியோடு உட்கார்ந்தால் ரத்தச் சிவப்பில் கார்டினல், எலுமிச்சை மஞ்சளில் கோல்ட்ஃபிஞ்ச் என்று வந்தபடியே இருக்கும். ஆசைப்பட்டு அதே மாதிரி ஒரு குழாயை வாங்கிவந்து இங்கே மாமரத்தில் மாட்டினேன். அணிலும் புறாவும்தான் வருகின்றன. சித்திரை வெயில் தாங்காமல் ஒரு மண் தட்டில் தண்ணீர் வைத்தேன். அதற்குத்தான் கூட்டம். கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, மைனா, ஒரு நாள் குண்டுகரிச்சான்கூட வந்தது.

என் கேள்விகள்: இங்கே என்ன விதை வைக்கலாம்? என்னிடம் இருப்பது சாதாரண ஜூம் கேமரா, 150-600 லென்ஸ் வாங்கினால் பிரயோஜனம் உண்டா? முக்கியமாக, எந்தப் படம் எடுத்தாலும் பின்னால் துணிக்கொடியும் மோட்டார் குழாயும் வந்து விழுகின்றன. எங்கள் வாட்ஸப் குழுவில் ‘காட்டில் எடுத்த மாதிரி இருக்க வேண்டாமா சார்’ என்கிறார்கள். எப்படிச் சுத்தமாக எடுப்பது? கறிவேப்பிலை மரத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. மறைத்துக்கொண்டிருந்த இரண்டு சிறு கிளைகளை ஒடித்துவிட்டேன், இப்போது முட்டைகள் நன்றாகத் தெரிகின்றன. ஏழு படங்கள் இணைத்திருக்கிறேன்.

எஸ்., கரூர்

*

அன்புள்ள எஸ்.,

கேமரா கேள்விகளுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. எனக்கு அவ்வளவு தெரியாது என்பது ஒரு காரணம், தெரிந்ததைச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை என்பது இன்னொன்று. ஆனால் உங்கள் கடிதத்தில் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறதே, அது ஒரு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் போய்த் தொட்டுவிட்டது. அதற்கு வருகிறேன்.

லென்ஸ் வேண்டாம். காட்டுயிர்களைப் படமெடுத்து எழுதிய மா. கிருஷ்ணன் உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிக்கொண்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். உங்கள் தட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பத்தடி இருக்குமா? போதும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் எடுங்கள், ஜன்னல் கம்பியில் ஒரு பழைய வேட்டியை மறைப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

விதை விஷயத்துக்கு வருவோம். கார்டினலின் அலகைப் பார்த்திருப்பீர்கள், பாக்குவெட்டி மாதிரி தடியாக இருக்கும். விதையை உடைப்பதற்கென்றே அமைந்த அலகு அது. நம் கொல்லைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் வைத்திருப்பது இடுக்கி. கொண்டைக்குருவிக்குப் பழமும் பூச்சியும், தவிட்டுக்குருவிக்குச் சருகைக் கிளறினால் கிடைக்கும் புழு, தையல்சிட்டுக்கும் குண்டுகரிச்சானுக்கும் பூச்சி, தேன்சிட்டுக்குத் தேனும் சிலந்தியும். பாக்குவெட்டிக்குப் போடுவதை இடுக்கிக்குப் போட்டால் புறாவும் அணிலும்தானே வரும்? சிட்டுக்குருவி இருக்கிற தெரு என்றால் கொஞ்சம் கம்பு போடலாம். அதுவும் குஞ்சுக்கு ஊட்டுவது புழுபூச்சியைத்தான், ஆகவே கொல்லையில் மருந்தடிக்காமல் இருப்பதே பெரிய தானம். மாமரத்தடிச் சருகைக் கூட்டித் தள்ளாதீர்கள். வீட்டில் திட்டு விழும், என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள், அந்தக் குழாயை வாரம் ஒரு தடவையாவது கழுவிக் காயவைக்கட்டும். 1994இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹவுஸ் ஃபின்ச் என்ற சின்னப் பறவைகள் கண் வீங்கி, பார்வை மங்கி, தீனிக் குழாயடியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். கோழிகளுக்கு வருகிற ஒரு கிருமி அவற்றுக்குத் தாவியிருந்தது. நோயாளி அலகை நுழைத்த அதே ஓட்டையில்தான் அடுத்ததும் நுழைக்கிறது. உங்கள் தட்டுக்கும் இதே கதைதான். தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, புதிதாக ஊற்றுங்கள். சோப்பு வேண்டாம். இரண்டு விரற்கடை ஆழம் போதும், நடுவே சொரசொரப்பாக ஒரு கல். பறவைக்கு வியர்க்காது, கத்திரி வெயிலில் வாயைப் பிளந்து மூச்சுவாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி வருகிற ஒன்றுக்குப் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் வைக்கிற புண்ணியவான்கள் உண்டு. நீங்கள் மண் தட்டு வைத்திருக்கிறீர்கள், நல்லது.

சரி, பின்னணி.

உங்கள் நாலாவது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தட்டின் விளிம்பில் ஐந்து தவிட்டுக்குருவிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆறாவது தண்ணீருக்குள் இறங்கி முங்கி எழுந்த நேரம். தலையிறகெல்லாம் ஒட்டிப்போய், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துண்டைத் தேடுகிற பெரியவர் மாதிரி விழிக்கிறது. பின்னால் கொடியில் ஒரு வெள்ளைப் பனியன், இடது அக்குளில் ஓட்டை, ரோஸ் நிறக் கிளிப். அதற்கும் பின்னால் நீங்கள் வெறுக்கிற மோட்டார் குழாய். அந்தக் குழாயின் வளைவில் என்ன இருக்கிறது, பார்த்தீர்களா? ஏழாவது தவிட்டுக்குருவி. அது குளிக்கவில்லை, தண்ணீர் பக்கமே திரும்பவில்லை. கழுத்தை ஒருச்சாய்த்து, ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மற்றவை குளிக்கும்போது ஒன்று காவல் நிற்பது இந்தக் கூட்டத்தின் வழக்கம். வல்லூறு வந்தால் அதுதான் முதலில் கத்தும், அடுத்த நொடி ஏழும் செம்பருத்திப் புதருக்குள் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று அங்கே போய் உட்கார, இது குளிக்க வரும்.

உங்கள் வாட்ஸப் நண்பர்கள் வெட்டி எறியச் சொல்வது இந்தக் காவல்காரனை. குழாயை மறைத்தால் அதற்கு நிற்க இடமில்லை, பின்னணியை மங்கலாக்கினால் அது ஒரு சாம்பல் கறை. பனியன் இருப்பதால்தான் அந்தக் குருவி எவ்வளவு பெரியது, மனிதனுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து குளிக்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. காட்டில் எடுத்த மாதிரி ஏன் இருக்க வேண்டும்? கரூரில் எடுத்தது கரூரில் எடுத்த மாதிரி இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

காட்டில் எடுத்தது என்று நாம் லைக் போடுகிற படங்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கர்நாடகத்தில் கணேஷ்குடி, உத்தராகண்டில் சாத்தால், கேரளத்தில் தட்டேக்காடு என்று பல இடங்களில் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் எதிரே படமெடுப்பவர்கள் உட்கார மறைவிடமும் அமைத்திருக்கிறார்கள். தொட்டிக்கு மேல் பாசி படிந்த அழகான குச்சி ஒன்றை நட்டிருப்பார்கள். ஃபோகஸ் எல்லாம் அந்தக் குச்சிமேல். நான் போய் உட்கார்ந்திருக்கிறேன், குறை சொல்லவில்லை, முட்டி வலிக்காரனுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் இணையத்தில் கொஞ்ச நாள் மேய்ந்தால் உங்களுக்குப் பறவைகளைவிடக் குச்சிகள் நன்றாக அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும். ‘ஓ, இந்தக் குச்சியா, போன மாதம் இதில் மரங்கொத்தி இருந்ததே’ என்று. தொட்டி மட்டும் எந்தப் படத்திலும் இருக்காது. உபசரித்தவனைக் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டின மாதிரி. தட்டு தெரியட்டும் ஐயா. வெயிலுக்கு ஒருவர் தண்ணீர் வைத்தார், அது வந்து குடித்தது. நடந்தது அதுதானே?

இந்தச் சுத்தப் பைத்தியத்தை நான் இவ்வளவு திட்டுவதற்குக் காரணம், அது எனக்கும் இருந்தது.

1997. திண்டுக்கல்லில் வாடகை வீடு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நாட்டுவாதுமைக் கன்று நின்றது. அதில் ஒரு தையல்சிட்டு இலையைச் சுருட்டித் தைத்திருந்தது. பேச்சுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே தையல்தான். இலையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஊசித்துளை, ஒவ்வொன்றின் வழியாகவும் பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து இழுத்திருந்தது. வெளிப்பக்கம் பஞ்சு உப்பிக்கொண்டு குமிழ் குமிழாக நின்றது, அதனால்தான் அவிழ்வதில்லை. உள்ளே மூன்று குஞ்சுகள். என்னிடம் இரவல் கேமரா ஒன்றும் 36 படச் சுருள் ஒன்றும் இருந்தன. கூட்டின் வாய்க்கு மேலே குடை பிடித்த மாதிரி இன்னொரு இலை. அதன் நிழல் குஞ்சுகள்மேல் விழுந்து படத்தைக் கெடுத்தது. கிள்ளி எறிய எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவு நல்லவன். அம்மாவின் தையல் மிஷினிலிருந்து கறுப்பு நூலை உருவிவந்து, அந்த இலையைப் பின்னால் இழுத்துக் காம்போடு சேர்த்துக் கட்டினேன்.

தாய்க்குருவி புழுவோடு மூன்று தடவை வந்து, எதிரே துணிக்கொடியில் உட்கார்ந்து கத்திவிட்டுத் திரும்பிப் போனது. நாலாவது தடவை பசிக்குரல் பொறுக்காமல் வந்து ஊட்டிவிட்டது. அந்த நொடி எனக்குக் கிடைத்தது. மொத்தம் பதினோரு படம். மீதிச் சுருளைத் தெருவில் கண்ட நாய், சைக்கிள், பக்கத்து வீட்டுப் பையன் என்று எடுத்துத் தீர்த்துவிட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். இரவு தோசை போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள், “அந்த நூலை அவுத்துவிட்டியாடா?” காலையில் செய்கிறேன் என்றேன்.

காலையில் கூடு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. காக்கையோ செம்போத்தோ, நான் பார்க்கவில்லை. உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது, அதில் எறும்பு. நான் கட்டிய இலை மட்டும் கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நூல்கண்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

படம் உள்ளூர்ப் போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசு வாங்கியது. பாராட்டிய எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள், ‘பின்னணி எவ்வளவு சுத்தம்!’ போன மாதம் பீரோவை ஒழுங்குபண்ணும்போது அது கையில் கிடைத்தது. இடது மேல் மூலையில், மங்கலாக, மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. பிரிண்டில் விழுந்த கீறல் என்பார்கள் பார்த்தவர்கள். நானும் ஆமாம் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லிவந்திருக்கிறேன்.

இப்போது உங்கள் ஏழாவது படம். நாலைந்து வருடமாக என்னை வாசிக்கிறேன் என்கிறீர்கள். என்னத்தை வாசித்தீர்கள்? மறைத்துக்கொண்டிருந்த கிளை என்று எழுதுகிறீர்களே, மறைப்பதற்காகத்தானே அந்தப் பறவை இவ்வளவு பெரிய கொல்லையில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தது? உங்கள் கண்ணுக்கு முட்டை தெரிகிறது என்றால் காக்கைக்கும் தெரிகிறது, வால்காக்கைக்கும் தெரிகிறது, பதினோரு மணி வெயிலுக்கும் தெரிகிறது. பல பறவைக் குழுக்களில் இப்போது பறவைக்கூட்டின் படத்தைப் போட்டால் நீக்கிவிடுகிறார்கள். சட்டம் பேசுகிறார்கள் என்று நானே ஒரு காலத்தில் சலித்துக்கொண்டவன். உங்கள் படத்தை அழிக்கச் சொல்ல மாட்டேன். யாருக்கும் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும், நானும் கெட்ட எண்ணத்தில் கட்டவில்லை.

ஆக வேண்டியதைப் பார்ப்போம். சாக்கு கட்டுகிறேன், ஓலை செருகுகிறேன் என்று மறுபடி கிளம்பாதீர்கள். மரத்தடிக்கே போக வேண்டாம். நாம் தினமும் போய் அண்ணாந்து நிற்கிற இடத்தைக் காக்கை கவனித்துக்கொண்டிருக்கும். கறிவேப்பிலை பறிக்க வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டைக்குருவி ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும், பொரித்த பிறகு இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் கூட்டை விட்டுவிடும். பறக்கத் தெரியாமல் தரையில் தத்தும், அப்போது பூனையை மட்டும் விரட்டுங்கள், தூக்கிவைத்துக் கொஞ்ச வேண்டாம். அடுக்களை ஜன்னலிலிருந்து அந்த மரம் தெரியும் என்று நினைக்கிறேன். வாலடியில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்போடு அது இன்னும் வந்துபோய்க்கொண்டிருக்கிறதா என்று அங்கிருந்து பாருங்கள்.

பனியன் படத்தின் பெரிய அளவுப் பிரதி இருந்தால் அனுப்புங்கள், ஓரம் வெட்டாமல். கூடு என்ன ஆயிற்று என்று ஜூன் கடைசியில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதற்குப் படம் வேண்டாம்.