மூன்றாம் வருடமும் கட்டுரை வரவில்லை: தாவர ஆராய்ச்சி செய்யும் மகளைப் பற்றி ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் தாவர மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. சேர்ந்து மூன்றாம் வருடம் நடக்கிறது, இன்னும் ஓர் ஆய்வுக்கட்டுரைகூட வரவில்லை, கூடப் படித்தவர்கள் எல்லாம் சம்பளம் வாங்குகிறார்கள், இவள் எதிர்காலம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் மூன்றாம் வருடத்தில் கட்டுரை இல்லை என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றையும் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு நாள் பிடிக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கவலை குறையும். ஒரு ஜீன் என்ன வேலை செய்கிறது என்று அறிய, அந்த ஜீனை முடக்கியோ கூட்டியோ ஒரு செடியை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடி இத்தனை ஆய்வகங்களில் வளர்வதற்கு முக்கியக் காரணம் அதன் வேகம். விதைத்து மறுபடி விதை எடுக்க ஆறிலிருந்து எட்டு வாரம் போதும். தாவரங்களில் முதன்முதலாக, 2000-இல், முழு மரபணுத்தொகுதியும் வெளியானது இதற்குத்தான். இதன் பூங்கொத்தை, செடிக்குள் ஜீனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா கலந்த கரைசலில் முக்கி எடுத்தால், பிறகு விளையும் விதைகளில் மிகச் சிலவற்றில் நாம் அனுப்பிய ஜீன் சேர்ந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி வளர்த்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை. ஜீன் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால், அந்தத் தலைமுறையில் சுமார் நாலில் ஒரு செடிதான் அதை இரண்டு பிரதியாக வைத்திருக்கும். அது எந்தச் செடி என்று உறுதிப்படுத்த இன்னொரு தலைமுறை வேண்டும். மாணவர்கள் ‘டி3 லைன் (ஜீன் சேர்ந்த செடிகளின் மூன்றாம் தலைமுறை) வந்துவிட்டது’ என்று சந்தோஷப்படுவது இதற்குத்தான். எல்லாம் சரியாக நடந்தாலே ஆறேழு மாதம் ஓடிவிடும். நிஜமான பரிசோதனை அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

இது வேகமான செடியின் கணக்கு. உங்கள் மகள் நெல்லில் வேலை செய்தால் கேலஸ் (வேர், இலை என்று இன்னும் பிரியாத திசுக் கட்டி) வளர்த்து, அதில் ஜீனைச் செலுத்தி, திசு வளர்ப்பில் நாற்றாக்கி, பசுமைக்குடிலுக்கு மாற்றி, பிறகு தலைமுறை தலைமுறையாக விதை எடுக்க வேண்டும். நடுவில் தட்டில் பூஞ்சை பிடித்தால் மறுபடி முதலிலிருந்து. மரப்பயிர் என்றால் பூப்பதற்கே வருடங்கள் ஆகும்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு ஜீனை முடக்கிய பிறகும் செடியில் ஒரு மாற்றமும் தெரியாமல் போகலாம். தாவரங்களில் ஒரே வேலையைச் செய்யும் ஜீன்கள் குடும்பமாக இருப்பது சகஜம். ஒன்று போனால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். அப்போது இரண்டு மூன்று ஜீன்களைச் சேர்த்து முடக்க வேண்டும். ஜீனைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை தாவரங்களுக்கு வந்த 2013-க்குப் பிறகு இது முன்பைவிட எளிதாகிவிட்டது. எதிர்பார்த்தது வராமல் போவது எப்போதும் நஷ்டமும் அல்ல. 1990-இல் வெளியான ஆய்வுகளில், பெட்டூனியா பூவின் நிறத்தை அடர்த்தியாக்க நிறமி ஜீனைக் கூடுதலாகச் சேர்த்தபோது சில செடிகள் வெள்ளையாகப் பூத்தன. ஆர்என்ஏ (ஜீனிலிருந்து நகலெடுக்கப்படும் மூலக்கூறு) வழியாக ஜீன்கள் அடக்கப்படுவதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த வெள்ளைப் பூக்கள் ஒரு முக்கியமான தொடக்கமாக அமைந்தன.

சரி, எதைக் கவனிக்க வேண்டும்? செடி வளரும் அந்த மாதங்களில் உங்கள் மகள் என்ன செய்கிறார் என்பதை. இந்தத் துறையில் ஒருவரின் வேலைவாய்ப்பைப் பெரும்பாலும் அந்த இடைவெளிகள்தான் முடிவு செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

வேகமாகப் பதில் தரும் ஒரு பரிசோதனை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிகோட்டியானா பெந்தாமியானா என்ற புகையிலைச் சாதிச் செடியின் இலையில் அக்ரோபாக்டீரியத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் செலுத்தினால் இரண்டு மூன்று நாளில் புரதம் உருவாகிவிடும். அது செல்லுக்குள் எங்கே போகிறது, எதோடு சேர்கிறது என்று பார்த்துவிடலாம். அராபிடாப்சிஸ் என்றால், ஜீன் முடங்கிய செடிகளின் விதைகளை ஓஹையோ, நாட்டிங்ஹாம் விதை மையங்களிலிருந்து வரவழைக்கலாம். எல்லாவற்றையும் தானே உருவாக்க வேண்டியதில்லை.

இதைவிட முக்கியம் டேட்டா. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ வரிசைத் தரவுகள் பொதுத் தளங்களில் குவிந்து கிடக்கின்றன. ஆர், பைத்தான் என்ற நிரல் மொழிகள், லினக்ஸ் இயங்குதளம் மூன்றிலும் கை பழகி, அந்தத் தரவுகளிலிருந்து தன் ஜீனைப் பற்றி நாலு விஷயம் சொல்லத் தெரிந்துவிட்டால், அந்தத் திறமை செடியோடு நின்றுவிடாது. நாளைக்கு மருத்துவ ஆய்வகத்திலும் வேலை கிடைக்கும். ‘நான் ஈர ஆய்வகம் மட்டும்தான்’ (கணினி வேண்டாம், கையால் செய்யும் பரிசோதனை மட்டும் போதும்) என்று பிடிவாதமாக இருக்கும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

இன்னொன்று வழிகாட்டி. மாதத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா? கட்டுரை வந்தால் முதல் பெயர் யாருடையது என்று பேசி வைத்திருக்கிறார்களா? அந்த ஆய்வகத்தில் இதற்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால் பெரும்பாலும் நல்ல இடம்தான். பதிலே இல்லையென்றால், பழைய மாணவர்கள் ஒன்றிரண்டு பேரிடம் உங்கள் மகள் நேரடியாகப் பேசிவிடுவது நல்லது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். பிஎச்.டி. முடித்ததும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி), அப்புறம் பேராசிரியர் என்ற ஒரே பாதைதான் வீட்டில் பேசப்படுகிறது. முடித்து வெளியே வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. போஸ்ட்டாக் என்பதும் சில வருட ஒப்பந்தம்தான். குறிப்பிட்ட ஒரு நுட்பம் கற்கவோ, சொந்த ஆய்வகம் தொடங்கும் தெளிவான எண்ணத்தோடோ போனால் சரி. வேறு வழி தெரியாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விதை நிறுவனங்களின் மரபணுக் குறியீட்டு (மார்க்கர்) ஆய்வகங்களில், அதாவது வேண்டிய பண்பு எந்த நாற்றில் இருக்கிறது என்று டிஎன்ஏ அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்கும் இடங்களில், மூலக்கூறு உயிரியல் தெரிந்தவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு. வெள்ளத்தில் இரண்டு வாரம்வரை மூழ்கியும் பிழைக்க உதவும் சப்1ஏ ஜீன் நெல்லில் 2006-இல் கண்டறியப்பட்டது. பரவலாகப் பயிரிடும் ரகங்களுக்குள் அந்தப் பண்பைக் கொண்டுபோனது இந்தக் குறியீட்டு முறைதான். பயிர்களில் ஜீனைச் செலுத்தி முழுச் செடியாக மீட்டெடுக்கும் கைத்திறன் இருந்தால் இன்னும் நல்லது. அது எல்லோருக்கும் வந்துவிடாது, அதனால் மதிப்பு அதிகம். மரபணு திருத்திய பயிர்களுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதால், ஒப்புதல் ஆவணங்களைத் தயாரிக்கவும் அறிவியல் புரிந்த ஆள் தேவை. காப்புரிமை, அறிவியல் இதழ்களில் பதிப்பாசிரியர் பணி, விதை வங்கி, நோய்க் கண்டறிதல் என்று மற்றவையும் இருக்கின்றன. எதுவானாலும் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு வருடம் இருக்கும்போதே தேட ஆரம்பிக்க வேண்டும்.

தூக்கம் கெட்டு, ஆய்வகம் என்றாலே பயந்து, யாரிடமும் பேசாமல் இருந்தால் மட்டும் இதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அவர் உடம்பையும் மனசையும் பாருங்கள். வழிகாட்டியை மாற்றலாம், விடுப்பு எடுக்கலாம், பாதியில் வெளியேறி வேலைக்கும் போகலாம். எதுவும் அவமானமில்லை.

அடுத்த முறை பேசும்போது ‘எப்போது முடிப்பாய்?’ என்று கேட்காதீர்கள். இப்போது எந்தத் தலைமுறை விதை கையில் இருக்கிறது, அது வளரும்வரை என்ன செய்யப்போகிறாய் என்று கேளுங்கள். விருப்பமிருந்தால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தச் செடி, என்னென்ன நுட்பம் தெரியும், எத்தனை வருட உதவித்தொகை பாக்கி என்று மூன்று தகவல் போதும். எந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதை வைத்து ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.