தேவதைக் கதைகளை வைத்துக் கையிலிருக்கும் காசில் ஒரு பேய் காமெடி ஆந்தாலஜி (ஒரே படத்தில் பல குட்டிக் கதைகள்) எடுக்க முடியுமா? எங்கே சறுக்கும்?

முடியும். கடலூரில் நாங்கள் எடுத்தோம். ஐம்பத்தெட்டு நிமிஷம், மூன்று கதை, செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதில் பாதி டீ, புரோட்டா, பெட்ரோல்.

முதலில் எடிட் செய்த படத்தை மஞ்சக்குப்பத்தில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் போட்டோம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முடிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன், "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா எதுக்கு மூணு?" என்றார். சறுக்கியது அங்கேதான்.

கதைகளில் குறையே இல்லை. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-ல் போட்ட முதல் பதிப்பில் ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்பவள் பெற்ற தாய். மாற்றாந்தாயாக ஆக்கியதெல்லாம் பிற்பாடு. பஞ்சம், பசி, பிள்ளைகள். நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிண்ட்ரெல்லாவின் அக்காமார் செருப்புக்குள் கால் நுழைய ஒருத்தி கட்டைவிரலையும் ஒருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். பயம் அதிலேயே இருக்கிறது, நீங்கள் புதிதாகச் சேர்க்க வேண்டாம். உரிமைத் தொகையும் யாருக்கும் தர வேண்டாம். ஆனால் சினிமாவில் பார்த்ததை எடுத்துவிடாதீர்கள். கிரிம் கதையில் ஏழு குள்ளர்களுக்குப் பெயர் கிடையாது. நமக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் 1937 டிஸ்னி படத்தோடு வந்தவை.

எங்களைச் சறுக்கவைத்த இன்னொன்று எங்கள் ஏழ்மை. ஹான்சல், கிரெட்டல் கதையில் வரும் சூனியக்காரியின் பலகார வீட்டைத் தேவனாம்பட்டினத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் போட்டோம். சுவருக்கு முறுக்கு, கதவுக்கு அதிரசம், கூரைக்கு அப்பளம், ஒட்ட வெல்லப்பாகு. போட்டு முடித்தபோது அட்டகாசமாக இருந்தது. லைட்டைத் திருப்பி வைப்பதற்குள் உப்புக்காற்று வேலையைக் காட்டிவிட்டது. அப்பளம் ஒவ்வொன்றாக நமத்து, ஈரத்துணி மாதிரி தொங்கியது. சூனியக்காரி நீளமாக ஒரு வசனம் பேச, அவள் தலையில் கூரை மெதுவாக வந்து உட்கார்ந்தது. மறுநாள் காலை போனால் கதவு நகர்கிறது. எறும்பு. அதோடு அந்தக் கதையின் படப்பிடிப்பு முடிந்தது.

சிவப்புத் தொப்பிக்காரி கதையின் நரிக்கு வாங்கிய ரோமத்துணி (கிரிம்மில் ஓநாய், எங்கள் துணி நரிக்குத்தான் காணும்) கால்மிதி மாதிரி இருந்தது. மூன்றாம் கதையில் இளவரசனாக நடித்த பையன், இரண்டு ஷெட்யூலுக்கு நடுவில் வீட்டு வேண்டுதல் என்று திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். கல்யாணக் காட்சி பாக்கி.

இந்த நிலைமையில்தான் ஆயா வந்தார். என் அம்மாவைப் பெற்றவர், எண்பத்தொன்று. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் இருபத்தைந்து கதை சொல்கிறது. எதற்கு இருபத்தைந்து என்று யாரும் கேட்பதில்லை. முருங்கை மரமும் முதுகில் பிணமும் இருப்பதால் கேட்கத் தோன்றாது. மூன்று கதையையும் சேர்த்துக் கட்ட எங்களுக்கும் ஒரு முருங்கை மரம் வேண்டியிருந்தது. கரண்ட் போன ராத்திரி, செல்போன் டார்ச், திண்ணையில் ஆயா, எதிரே இரண்டு பொடிசுகள். ஒரே ராத்திரியில் எடுத்தோம். நாங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை ஆயா ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

ஆயாவிடம் கதையை நான் மேலோட்டமாகத்தான் சொல்லி வைத்திருந்தேன். பொடிசுகளில் ஒரு பையனுக்கு, அதுவரை எடுத்த காட்சிகளைக் காட்டிவிட்டு, தோன்றுவதைக் கேள் என்றேன்.

"ஆயா, சூனியக்காரி வீட்டுல ஏன் அப்பளம் நமத்துப் போயிருக்கு?"

"கடலோரம் ஊடு கட்டுனா வேற எப்டிடா இருக்கும்?"

"இது நரியா நாயா?"

"அதுக்கே தெரியாது. நீ கதைய கேளு."

மொட்டை இளவரசனுக்கும் அவரே வழி சொன்னார்: "கண்ணாலம் திருவந்திபுரத்துல. வந்த எடத்துல மாப்ள வேண்டுதல முடிச்சுட்டான்." முடிந்தது பிரச்சினை. அந்தக் கோயிலில் முகூர்த்த நாளில் கல்யாணமும் மொட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நடப்பதைப் பார்த்த கடலூர்க்காரன் எவனுக்கும் இதில் சந்தேகம் வராது.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு நிஜமாகவே முதுகு சில்லென்றது. நரி வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுக்கும் காட்சியை எடுக்கக் காசில்லை. சிவப்புத் தொப்பிக்காரி கதையை எப்படி முடிப்பது என்று கேட்டேன். "நரி தின்னுடுச்சு. அவ்ளோதான்" என்று டார்ச்சை அணைத்தார். 1697-ல் பிரான்சில் ஷார்ல் பெரோ என்ற எழுத்தாளர் அச்சில் போட்ட கதையும் அங்கேதான் முடிகிறது. காப்பாற்ற வேட்டைக்காரன் வருவது கிரிம்மில்தான். ஆயாவுக்கு பிரான்ஸ் என்றால் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பாண்டிச்சேரிக்காரர்கள்தான்.

இரண்டாம் தடவை போட்டபோது அதே கால்மிதி நரிக்கு அதே ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. படத்துக்குள் இருக்கும் பையன் அவர்களுக்கு முன்னாலேயே சிரித்துவிட்டான். டார்ச் அணைந்ததும் மாடியில் சத்தமே இல்லை; ஒரு குழந்தை மட்டும் அழுதது. எனவே முதலில் கதை சொல்லும் ஆளைப் பிடியுங்கள், மூன்று கதையையும் அப்புறம் எழுதலாம். நாங்கள் தலைகீழாகச் செய்து இரண்டு மாதம் வீணடித்தோம்.

மற்றவை சுருக்கமாக. இருக்கும் காசைக் கேமராவில் போடாதீர்கள், சத்தத்தில் போடுங்கள். கடற்கரையில் பதிந்த வசனம் முழுவதும் காற்று. ஜமுக்காளம் தொங்கவிட்ட அறையில் மறுபடி பேசிப் பதிந்தோம். எலும்பு முறியும் சத்தத்துக்கு முருங்கைக்காய். ராத்திரிக் காட்சிகளை விடியலுக்கு முன்பான நீல வெளிச்சத்தில் எடுத்தோம், ஜெனரேட்டர் வாடகை மிச்சம். என்ன, சில்வர் பீச்சில் வாக்கிங் வருகிறவர்கள் ஃப்ரேமுக்குள் நின்று "என்ன படம்பா?" என்பார்கள். ரத்தத்துக்கு ரோஸ் சிரப் கலக்காதீர்கள். எறும்பைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அடுத்த படத்துக்கு ஜெர்மனி வேண்டாம், கடலூர்க் கதையே போதும் என்று முடிவு. 1690-ல் வெள்ளைக்காரன் இங்கே கோட்டை வாங்கியபோது, பீரங்கி சுட்டு குண்டு விழுந்த இடம் வரை எனக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்னும் இருக்கிறது. ஆயாவிடம் சொன்னேன். குண்டு விழுந்தது ஒரு பொம்பளையின் குழம்புச் சட்டியில், செத்தும் அவள் சட்டியைத் தேடி அலைகிறாள் என்று ஆரம்பித்துவிட்டார். பேய்க்கு எதிர்வீட்டு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார். மாற்றச் சொன்னால் நடிக்க மாட்டேன் என்கிறார்.