வீட்டு மாடியில் காற்று வேகமானி வைக்க எந்த மாடல் வாங்கலாம், கைப்பிடிச் சுவரிலேயே மாட்டிவிடலாமா?

மாடலை அப்புறம் பார்க்கலாம், முதலில் கைப்பிடிச் சுவரை மறந்துவிடுங்கள். கட்டடத்தில் மோதும் காற்று சுவரோடு ஏறி, விளிம்பில் பிய்த்துக்கொண்டு மேலே எகிறும். அதற்குப் பின்னால் தளத்தை ஒட்டிச் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வைத்தாலும் அது அளப்பது உங்கள் வீட்டின் வடிவத்தைத்தானே தவிர காற்றை அல்ல.

வானிலை நிலையங்களுக்கான விதி என்னவென்றால் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரம், அருகில் மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தள்ளி. வீட்டில் இது யாருக்கும் வாய்க்காது. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை எல்லாவற்றையும் சேர்த்து எது உச்சியோ அதற்கும் மேலே முடிந்தவரை உயர்த்துங்கள், 2 அல்லது 3 மீட்டர் கிடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கம்பத்துக்கு ஜிஐ பைப் போதும். சுவரில் இரண்டு கிளாம்ப், நன்றாக இடைவெளி விட்டு. உயரம் அதிகமென்றால் மூன்று பக்கமும் ஸ்டே கம்பி. ஆடக்கூடாது. உச்சியில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், காற்றைப் பிடித்துச் சுற்றும் வேகமானியின் கிண்ணங்கள் சாய்வாகச் சுற்றினால் பேரிங் ஒரு பக்கமாகத் தேயும். மின்கம்பிகள் பக்கத்தில் போனால் அந்த இடமே வேண்டாம், கம்பத்துக்குக் கட்டாயம் எர்த் கொடுங்கள். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சரி, மாடல். கிண்ணம் சுற்றும்போது உள்ளே இருக்கும் காந்தம் ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் சின்ன சுவிட்ச்) மூடித் திறக்கும், ஒவ்வொரு முறை மூடுவதும் ஒரு துடிப்பு, பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 2.4 கிலோமீட்டர். ஆர்டுயினோவில் (நாமே நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) நீங்களே எண்ணுவதாக இருந்தால் கவனம், சுவிட்ச் மூடும்போது அதிர்ந்து ஒரு துடிப்பை இரண்டு மூன்றாகக் காட்டும், அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு 5 மில்லிவிநாடி எதையும் எண்ணாமல் காதைப் பொத்திக்கொள்ள அதனிடம் சொல்லுங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில்கூடத் துடிப்புகளுக்கு நடுவே 20 மில்லிவிநாடி இருக்கும், எதுவும் தவறாது. ஒரு மாடலின் கணக்கை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். 1846இல் கிண்ண வேகமானியைச் செய்த ராபின்சனே, கிண்ணத்தின் அளவு எதுவானாலும் அது காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் சுற்றும் என்று நம்பினார், அது சரியில்லை என்று பிறகு தெரிந்தது. கிண்ணத்தின் அளவும் கையின் நீளமும் மாறினால் விகிதமும் மாறும்.

வானிலை அறிக்கையோடு ஒப்பிடுவதற்கு முன், அங்கே சொல்வது பெரும்பாலும் 10 நிமிடச் சராசரி, உங்கள் திரையில் துள்ளுவது அந்தந்த நொடியின் வீச்சு என்பது நினைவிருக்கட்டும்.

இதெல்லாம் சின்னக் காற்றாலை வைக்கலாமா என்று பார்ப்பதற்காக என்றால் இன்னும் கறாராக இருங்கள். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்படி (வேகம் × வேகம் × வேகம்) ஏறும், கருவி 20 சதவீதம் கூடக் காட்டினால் மின்சாரக் கணக்கு 70 சதவீதத்துக்கு மேல் பொய்யாகிவிடும். அப்படியானால் காற்றாலை எந்த உயரத்தில் வரப்போகிறதோ அதே உயரத்தில் வேகமானியை வைத்து, குறைந்தது ஒரு வருடமாவது பதிவு செய்த பிறகு காசை எடுங்கள்.